ஆரஞ்சில் தொலைந்த ‘ந’

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில் நீ அவசரத்தில் இருந்தாய், நானும் பாதியில் விட்டுவிட்டேன். பேரன் கேட்ட கேள்வி மட்டும் ராத்திரி முழுக்க என்னை விடவில்லை. “தாத்தா, ஆரஞ்சுக்குள்ள ஏ எதுக்கு? அது காதுல விழவே இல்லையே!” ஸ்பெல்லிங் டெஸ்டில் அந்த ஒரு எழுத்தால் மார்க் போன கோபம் அவனுக்கு. நியாயமான கோபம்தான்.

அதற்குப் பதில் தேடப் போன இடத்தில் என் பழைய தப்பு ஒன்று கையில் சிக்கியது. நீ ஆறாவது படிக்கும்போது உனக்கு ஒரு கதை சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? இங்கிலீஷ்காரர்கள் முதலில் ‘எ நாரஞ்ச்’ என்று சொன்னார்கள், வேகமாகச் சொல்லிச் சொல்லி அது ‘ஆன் ஆரஞ்ச்’ ஆகிவிட்டது என்று. நீ அதை வகுப்பில் சொல்லிப் பாராட்டு வேறு வாங்கி வந்தாய். அந்தக் கதை பாதி தப்பு. இத்தனை வருஷம் கழித்துத் திருத்துகிறேன்.

‘ந’ விழுந்தது உண்மை. விழுந்த இடம் இங்கிலாந்து இல்லை, அவ்வளவுதான். இத்தாலியிலும் பிரான்சிலும் அது முன்பே விழுந்துவிட்டது. இத்தாலிய மொழியில் பெண்பாற் பெயருக்கு முன்னால் ‘ஒரு’ என்று பொருள்படும் ‘ஊனா’ வரும். ‘ஊனா நரஞ்சா’ என்று ஒரே மூச்சில் சொன்னால், ‘ந’ முன் சொல்லுக்கா பின் சொல்லுக்கா என்பது காதுக்குத் தெரியாது. எழுத்தில் பிரிந்து நிற்பது வாயில் ஒட்டிக்கொள்கிறது, நம் புணர்ச்சி மாதிரி. கேட்டவர்கள் ‘ந’வை முன்னால் இருந்த ‘ஒரு’வுக்கே கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு அங்கே அந்தப் பழம் ‘அரஞ்சா’. பிரெஞ்சிலும் ஏறக்குறைய இதே கதை. 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் வந்து சேரும்போதே மொட்டைத் தலையோடுதான் வந்தது.

ஆனால் ஆங்கிலேயர்கள் இந்த வேலையில் சளைத்தவர்கள் என்று நினைத்துவிடாதே. ஏப்ரன் முதலில் ‘நேப்ரன்’. நாப்கினுக்குச் சொந்தக்காரச் சொல். அம்பயருக்கும் முன்னால் ஒரு ‘ந’ இருந்தது. ‘சமமில்லாதவர்’ என்று பொருள், அதாவது இரண்டு பக்கத்திலும் சேராத மூன்றாம் ஆள். பேரனிடம் இதைச் சொல், கிரிக்கெட் பார்க்கும்போது உதவும். நான் உன்னிடம் ஆரஞ்சுக்குப் பதில் ஏப்ரனைச் சொல்லியிருந்தால் தப்பியிருப்பேன்.

சரி, அந்த ‘ந’ எங்கிருந்து வந்தது? இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. பிரெஞ்சுக்கும் இத்தாலிக்கும் முன்னால் அரபியில் ‘நாரஞ்ச்’, அதற்கு முன்னால் பாரசீகத்தில் ‘நாரங்’, அதற்கும் முன்னால் சமஸ்கிருதத்தில் ‘நாரங்க’. சமஸ்கிருதத்துக்கு அது ஒரு திராவிட மொழியிலிருந்து போயிருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. நம் நாரத்தங்காயையும் மலையாளத்து நாரங்ஙாவையும் தெலுங்கின் நாரிஞ்சையும் பக்கத்தில் வைத்துப் பார். ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று முகமே சொல்லும். ‘நறு’ என்ற வாசனைச் சொல்தான் வேர் என்பாரும் உண்டு. தோலைக் கிள்ளி முகர்ந்து பார்த்தவர்களுக்கு அந்த விளக்கத்தை நம்பத் தோன்றும், எனக்கும் தோன்றுகிறது.

இவ்வளவு தூரம் சுற்றிவிட்டு, ஆங்கிலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ‘ஆரஞ்சு’ என்று நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது பார்! நாமும் விருந்தாளி என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டோம். நாரத்தையும் ஆரஞ்சும் ஒரே கூடையில் கிடந்தாலும் ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாது.

‘ந’வைக் கைவிடாதவர்களும் இருக்கிறார்கள். ஸ்பானிய மொழியில் ‘நரான்ஹா’, ஹங்கேரியில் ‘நரன்ச்’. போர்ச்சுகீசியர்கள் மட்டும் ஏனோ ‘ந’வை ‘ல’ ஆக்கி ‘லரான்ஜா’ என்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு பெருமையும் கிடைத்தது. ஐரோப்பாவுக்கு அரபியர்கள் முதலில் கொண்டுபோனது கசப்பு ஆரஞ்சு. இனிப்பு வகையைப் பிற்பாடு பரப்பியதில் போர்ச்சுகீசிய வியாபாரிகளுக்குப் பெரிய பங்கு. அதனால் கிரேக்கத்தில் பழத்தின் பெயரே ‘போர்த்தோகாலி’, துருக்கியில் ‘போர்ட்டகால்’. அரபியே தன் பழைய ‘நாரஞ்ச்’ என்ற பெயரைக் கசப்புப் பழத்துக்கு ஒதுக்கிவிட்டு, இனிப்பை ‘புர்துகால்’ என்கிறது. டச்சுக்காரர்களுக்கோ அது ‘சீன ஆப்பிள்’. யார் கையிலிருந்து வாங்கினார்களோ, எங்கே விளைந்தது என்று கேள்விப்பட்டார்களோ, அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

இப்போது அவன் கேட்ட ஏ. அது பிரெஞ்சு மிச்சம். பிரெஞ்சில் ‘ஒரான்ஜ்’ என்று இரண்டாவது அசையை அழுத்துவார்கள், அங்கே ஏ நன்றாகக் காதில் விழும். ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் அசைக்குப் போனதும் பின்னால் வந்த உயிர் நசுங்கிவிட்டது. ஒருகாலத்தில் ஆங்கிலத்திலேயே ஏ இருக்கும் இடத்தில் ஈ போட்டு எழுதினார்கள். ஆக அவன் தப்பாக எழுதியதற்கு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய துணை உண்டு, ஆனால் டீச்சரிடம் அதைச் சொல்ல வேண்டாம். கடைசி ஈ-க்கும் வேலை இருக்கிறது: அது இல்லாவிட்டால் ஜி மெல்லொலியாக வராது, சொல் ‘ரேங்’ என்று மணியடித்து முடியும். முதல் எழுத்து ஓ-வுக்கு, பிரெஞ்சில் தங்கத்தைக் குறிக்கும் ‘ஓர்’ என்ற சொல்லின் சாயல் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அவனுக்கு ஒரு வழி சொல்லிக்கொடு: முதலில் ஓ, நடுவில் ‘ஓடினான்’ என்பதற்கான ‘ரேன்’, கடைசியில் ஜி-யும் ஈ-யும். இனி ஏ தொலையாது.

அப்புறம் உன் கேள்வி, பழத்தின் பெயர் முதலா, நிறத்தின் பெயர் முதலா? பழம்தான். ஆங்கிலத்தில் நிறப்பெயராக அது எழுத்தில் தெரியவருவது 1502-இல், இளவரசி மார்கரெட் டியூடருக்கு வாங்கிய துணிக் கணக்கில். அதற்கு முன்னால் அந்த நிறத்தைப் பழைய ஆங்கிலத்தில் ‘மஞ்சள்சிவப்பு’ என்று பொருள்படும் ஒரு கூட்டுச்சொல்லால் ஒப்பேற்றினார்கள், பல நேரம் வெறும் சிவப்பு என்றும் சொல்லிவிட்டார்கள். ராபின் குருவியின் நெஞ்சு ஆரஞ்சு நிறம், பெயர் என்னவோ ‘சிவப்பு நெஞ்சு’. செம்பட்டை முடியை அவர்கள் இன்னும் சிவப்பு முடி என்பதும் இந்தப் பழக்கம்தான்.

மாப்பிள்ளை கேட்டாரே, நெதர்லாந்து அரச குடும்பத்தின் ‘ஆரஞ்ச்’. அது தெற்கு பிரான்சில் இருக்கும் ஓர் ஊர்ப் பெயர். ரோமானியர் காலத்தில் ‘அரௌசியோ’. பழத்தோடு எந்த உறவும் இல்லை. ஒலி ஒன்றுபோல் ஆனதும் நிறமும் ஒட்டிக்கொண்டது.

நீ அன்றைக்கு என் கதையைச் சொல்லி எத்தனை பேரை நம்பவைத்தாயோ, அவர்களில் யாராவது இன்னும் தொடர்பில் இருந்தால் இதைச் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஆரஞ்சுக்கு எதுகையாக ஆங்கிலத்தில் சொல் கிடைக்காது என்று அவனிடம் யாராவது பந்தயம் கட்டினால், வேல்ஸில் ‘ப்ளாரஞ்ச்’ என்று ஒரு மலை இருக்கிறது. எழுதி வைத்துக்கொள்ளச் சொல்.