சித்தப்பா, அந்தப் பத்து நிமிடத்தைத் திரும்பப் படியுங்கள்

அன்புள்ள சித்தப்பா,

அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ நாவலை இன்னும் படிக்காதவர்கள் இந்தக் கடிதத்தை இப்போதே மூடிவிடுங்கள், முடிவைச் சொல்லாமல் என்னால் இதைப் பேச முடியாது.

ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே, “கதை சொல்றவனே கொலைகாரன்னா அது ஏமாத்து வேலைடா” என்று சொல்லித்தான் புத்தகத்தைக் கையில் கொடுத்தீர்கள். முடிவு தெரிந்தே படிக்கிறோமே என்று முதலில் வருத்தமாக இருந்தது. ஆனால் அதனால்தான் கதை சொல்கிற டாக்டர் ஷெப்பர்டை முதல் பக்கத்திலிருந்தே விடாமல் கவனிக்க முடிந்தது. போன சனிக்கிழமை ஏற்காட்டில் தங்கியிருந்தேன், சாயங்காலமே பனி இறங்கி ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, ராத்திரி ஒரே மூச்சில் முடித்தேன். காலையில் எழுந்ததும் நான்காம் அத்தியாயத்தை மட்டும் திரும்ப எடுத்தேன்.

அந்த இடத்தை நீங்களும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ஃபெராஸ் என்ற அம்மா சாவதற்கு முன், தன்னை மிரட்டிப் பணம் பறித்தது யார் என்று எழுதி, கொலையாகப்போகிற அக்ராய்டுக்கு அனுப்பிய கடிதம் வந்தது எட்டு நாற்பதுக்கு என்கிறார் டாக்டர். தான் கிளம்பியபோது எட்டு ஐம்பது, கடிதம் இன்னும் படிக்கப்படவில்லை என்கிறார். கதவுப் பிடியில் கை வைத்தபடி, செய்யாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று அறையைத் திரும்பிப் பார்க்கிறார். இதில் எது பொய்? ஒன்றுகூட இல்லை சித்தப்பா! கொலை நடந்தது அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில், அந்தப் பத்து நிமிடத்தை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அப்புறம் வாசல் கேட்டுக்கு வரும்போது சர்ச் மணி ஒன்பது அடிக்கிறது. ஐந்து நிமிட நடைக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கிறது, துப்பறிகிற புவாரோ பிடித்தது இதைத்தான். நமக்கும் அதே மணிக்கணக்கு எழுதித்தான் வைத்திருக்கிறது. 1926-ல் வந்த புத்தகம், அன்றைக்கும் பலர் இது நியாயமான ஆட்டமில்லை என்று கோபப்பட்டார்கள், நான் அவர்கள் பக்கம் இல்லை.

குரலைப் பதிவுசெய்கிற டிக்டாஃபோன் விஷயம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, செத்துப்போன அக்ராய்டின் குரலை இயந்திரத்தில் ஓடவிடுவது கொஞ்சம் அதிகம்தான், அதை விட்டுவிடலாம்.

எனக்கு நெஞ்சில் தைத்தது வேறு. புவாரோ டாக்டரைப் போலீசிடம் நேராக ஒப்படைக்கவில்லை. காலையில் இன்ஸ்பெக்டரிடம் உண்மை போய்விடும், அதற்குள் உன் தங்கமான அக்காவுக்காக நீயே ஒரு முடிவு தேடிக்கொள் என்று ராத்திரிக்கு அனுப்பிவிடுகிறார். டாக்டர் யாரை மிரட்டிப் பணம் பறித்தாரோ, அந்த ஃபெராஸ் அம்மா செத்த அதே வெரோனால் தூக்க மருந்தையே தானும் எடுத்துக்கொள்ளப் போகிறார். அது சரியா? தண்டனை கோர்ட்டில் கிடைத்திருக்க வேண்டும் என்று எனக்குக் கட்டாயம் தோன்றுகிறது. ஆனால் அந்த அக்கா கரோலினை நினைத்தால் அப்படி அடித்துச் சொல்ல வாய் வரவில்லை. ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் வெளியே போகாமலே தெரிந்துகொள்கிற மனுஷி, கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிற தம்பியைத் தெரிந்துகொள்ளவில்லை. அவளுக்குத் தெரியாமலே போகட்டும் என்றுதான் ஆசைப்பட்டேன், அந்த ஆசை தப்பென்று தெரிந்தும்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்களே, அது டாக்டருக்கா, புவாரோவுக்கா? ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டிக்குப் புத்தகத்தோடு வருகிறேன், சித்தியிடம் சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்