சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியும் மாணவனுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியொன்றில் 14 ஆண்டுகளாகக் கணினி ஆசிரியையாக இருக்கிறேன். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கும் நேரத்தில் சக ஆசிரியர்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பைத்தான் என்னும் கணினி மொழியில் நிரலை ஐடில் மென்பொருளில்தான் எழுதப் பழக்குகிறோம். அதில் மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்துத் தொடரான சரம் பச்சையாகவும், # குறிக்குப் பின் வரும், படிப்பவருக்கான குறிப்புரை சிவப்பாகவும் தெரியும். மேற்கோள் குறியை மூட மறந்தால், அந்த வரியின் இறுதிவரை, குறிப்புரையும் சேர்ந்து, பச்சையாகிவிடும். அப்படி மூடாமல் விட்ட மாணவன் ஒருவனிடம், "சிவப்பாக இருக்க வேண்டியது பச்சையாகிவிட்டதே, கண் தெரியவில்லையா?" என்று கடிந்துகொண்டேன். திரையையே வெகுநேரம் பார்த்தவன், "மிஸ், இரண்டும் ஒரே நிறம்தானே?" என்றான். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டும் அவனுக்கு ஒரே மங்கல் பழுப்பு. கண் மருத்துவர் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் படங்களைக் காட்டி அதை உறுதிசெய்தார். சிவப்பு - பச்சை பிரித்தறியாத இந்தக் குறை பிறவியிலேயே வருவது. பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். பன்னிரண்டாம் வகுப்புவரை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

மாற்று வழி அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. 'ஆப்ஷன்ஸ்' பட்டியலில் 'கான்ஃபிகர் ஐடில்', அதில் 'ஹைலைட்ஸ்' பக்கம். ஒவ்வொரு வகைச் சொல்லுக்கும் எழுத்தின் நிறத்தை மட்டுமல்ல, அதன் பின்னணியையும் மாற்றலாம். கருமைப் பின்னணி கொண்ட ஆயத்த அமைப்பையும் போட்டுப் பார்த்தோம். அதிலும் அதே சிவப்பு, அதே பச்சை. எனவே அவனையே பக்கத்தில் உட்காரவைத்து, அவன் கண்ணைக் கேட்டுக் கேட்டு நிறம் தேர்ந்தோம். சரத்துக்கு நீலம். குறிப்புரைக்கு வெளிர் மஞ்சள் பட்டை மேல் கறுப்பு எழுத்து. முன்பே நீலமாக இருந்த செயற்கூறின் (ஃபங்ஷன்) பெயரைச் சரத்தோடு குழம்பாதிருக்கக் கறுப்பாக்கினோம். மூடாத மேற்கோளை அன்று அவனே விரல் வைத்துக் காட்டினான்.

இந்த அமைப்பு, பயனர் கணக்கில் '.ஐடில்ஆர்சி' என்னும் சிறு கோப்புறையில் சேமிக்கப்படுகிறது. அதைப் பென் டிரைவில் எடுத்து ஆய்வகத்தின் எல்லாக் கணினிகளிலும் போட்டுவிட்டேன். தேர்வன்று எந்தக் கணினி கிடைக்கும் என்பது அவன் கையில் இல்லையே!

புறத்தேர்வாளராக வருபவர்கள் திரையில் வேறு நிறம் கண்டால் ஐயப்பட வேண்டாம். நிறம் மாறுவதால் நிரலில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. தேர்வுத் துறை தன் அறிவுரைகளில் இதற்கு ஒரு வரி சேர்த்தால், இத்தகைய குறையுள்ள மாணவர்கள் தேர்வறையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

- கணினி ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்