துருப்பிடித்த கம்பிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பையன்கள் பலர் மகாராஷ்டிராவுக்கு முறுக்குப் போடும் வேலைக்குப் போனவர்கள். என் தம்பி மகனும் அப்படித்தான். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. அடுப்பு அணைந்தது, கூலியும் நின்றது. வாங்கிய முன்பணம் கழியாமல் முதலாளி விடவில்லை. மே கடைசியில்தான் ஊர் வந்து சேர்ந்தான். முழங்கை வரை எண்ணெய் சுட்ட தழும்பு, பையில் ரெண்டு சட்டை, ஒரு துண்டு.

கொரோனா அவனைத் தொடவேயில்லை. ஆனால் அவன் அனுப்பும் பணத்தை நம்பி எழும்பிய வீடு லிண்டல் மட்டத்தோடு நின்றுபோனது. தூண் கம்பிகள் இன்றும் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவன் அம்மாவின் தோடு அடகிலேயே மூழ்கிவிட்டது. என் பற்று நோட்டில் அந்த வருடத்துப் பக்கங்களை நான் கேட்பதே இல்லை, கேட்க மனசு வராது.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1979-லேயே வந்தது. அது ஒப்பந்தக்காரர் வழியாகப் போகிறவர்களுக்காக இருந்தது. எங்கள் பையன்களோ மாமன் மச்சானைப் பிடித்துப் போகிறார்கள். எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. 2021 ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளர்கள் பெயர் பதிய மத்திய அரசின் இ-ஷ்ரம் இணையதளம் வந்தும், அதில் பதியச் சொல்லி இங்கே வீடு தேடி வந்தவர் யாருமில்லை.

வேலைக்குக் கிளம்புகிறவர் பெயர், போகும் ஊர், போன் நம்பர் மூன்றையும் எழுதிவைக்க ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நோட்டுப் போடுங்கள். அடுத்த தொற்று வருவதற்குள் மாவட்ட நிர்வாகம் இதைச் செய்ய வேண்டும்.

ஒரு வாசகர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.