பூஸ்டர் வாங்குமுன் ஒரு அளவி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தரைத் தகட்டின் துருவைச் சுரண்டி முடித்துவிட்டாய் என்று படித்ததும், இந்த முறை காரை உண்மையிலேயே சாலைக்குக் கொண்டுவந்துவிடுவாய் என்ற நம்பிக்கை வந்தது. என் வலது முழங்கால் இப்போது பரவாயில்லை. மகள் ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டாள். வாங்கிய நாள் முதல் என் பழைய காரையே சுற்றிச் சுற்றி வருகிறாள்.

கால் பலத்தில் மட்டும் இயங்கும் மேனுவல் பிரேக்கையே வைத்துக்கொள்வதா, மிதிக்குப் பூஸ்டர் பலம் சேர்க்கும் பவர் பிரேக்குக்கு மாறுவதா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன் ஒன்று சொல்: எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் புதிய கேம்ஷாஃப்டைப் போட்ட பிறகு, வெற்றிடத்தை அளக்கும் வேக்குவம் அளவியை மாட்டிப் பார்த்தாயா?

நான் பார்க்கவில்லை. அதற்கான தண்டனையும் கிடைத்தது. பூஸ்டர் தன் பலத்தை எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடத்திலிருந்துதான் எடுக்கிறது. ஐட்லிங்கில், அதாவது கார் நிற்க எஞ்சின் சும்மா ஓடும்போது, 18 அங்குலப் பாதரச அளவு இருந்தால் அது நிம்மதியாக வேலை செய்யும். வேகத்துக்கு ஆசைப்பட்டு நான் போட்டிருந்த கேம்ஷாஃப்டில் 10 அங்குலம்கூடத் தேறவில்லை. காரை நிறுத்துமிடத்தில் முன்னும் பின்னும் நகர்த்தும்போது முதல் மிதிக்குப் பெடல் வெண்ணெயாக இறங்கியது. மூன்றாவது மிதிக்குக் கல்லாகிவிட்டது. சுவரும் பம்பரும் சந்தித்துக்கொண்டன. பூஸ்டர்தான் பழுது என்று முடிவுகட்டி இன்னொன்றையும் வாங்கினேன். சிரிக்காதே.

பூஸ்டர் போட்டால் கார் சீக்கிரம் நிற்கும் என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. சக்கரத்தைப் பூட்டுமளவுக்கு உன் காலால் மிதிக்க முடிந்தால், அதற்கு மேல் டயரின் பிடிதான் எல்லை. பூஸ்டர் குறைப்பது காலின் சிரமத்தை மட்டுமே.

அந்தச் சிரமத்தைக் குறைக்க வேறு வழியும் உண்டு. பெடல் மிதியைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் துளை விட்டத்தை 1 அங்குலத்திலிருந்து 7/8 ஆக்கு. குறைவது அரைக்கால் அங்குலம்தான். ஆனால் அதே மிதிக்கு அழுத்தம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடும். பெடல் அதே அளவு அதிகமாக இறங்கும், அதுதான் விலை. பெடலின் நெம்புகோல் விகிதத்தையும், அதாவது உன் மிதியை அது எத்தனை மடங்காக்குகிறது என்பதையும், அளந்து பார். மேனுவலுக்கு 6-க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும். பவர் பிரேக்குக்கு 4-க்கு 1 போதும். இதைக் கவனிக்காமல் பூஸ்டரை மட்டும் கழற்றியவர்கள்தான் மேனுவல் பிரேக்கை மரக்கட்டை என்று திட்டுகிறார்கள். சில கார்களில், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் புஷ்ராடை மாட்ட, பெடல் தண்டிலேயே இரண்டு துளைகள் இருக்கும். சுழலச்சுக்கு அருகிலிருப்பது மேனுவலுக்கானது.

முன்சக்கரங்களுக்கு டிஸ்க் போடப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். அங்கேதான் எனக்குச் சற்றுத் தயக்கம். டிரம் பிரேக்கில் சக்கரத்தின் சுழற்சியே, உராய்ந்து பிடிக்கும் ஷூவை டிரம்மோடு இறுக்கிக் காலுக்கு உதவும். டிஸ்க்குக்கு அந்தக் கருணை கிடையாது, கூடுதல் அழுத்தம் கேட்கும். எஞ்சின் பழைய கேம்ஷாஃப்டோடு இருந்திருந்தால், யோசிக்காமல் பூஸ்டர் போடு என்றே எழுதியிருப்பேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு இரட்டை அறை உள்ளதை வாங்கு. ஒரு குழாய் ஒழுகினாலும் இரண்டு சக்கரங்களாவது பிடிக்கும். மேனுவல் என்றால், பிஸ்டனில் புஷ்ராட் அமரும் குழி ஆழமாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடு. பவர் பிரேக்குக்கான பிஸ்டனில் அது ஆழமில்லாமல் இருக்கும். புஷ்ராட் நழுவி விழுந்தால் பெடல் வெறும் அலங்காரம்தான்.

நான் பூஸ்டரைக் கழற்றி 7/8 போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் அவ்வப்போது முணுமுணுக்கிறது. மகள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, இது பிரேக்கா, உடற்பயிற்சியா?” என்றாள். ஆனாலும் சாவியைத் திருப்பித் தரவில்லை.

அளவியை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஐட்லிங்கில் முள் எங்கே நிற்கிறது என்று எழுது. 16-க்குக் கீழே என்றால் பூஸ்டருக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல டயர் வாங்கு. என்னிடம் இரண்டு பூஸ்டர்கள் சும்மா கிடக்கின்றன. ஒருவேளை 18 காட்டினால் ஒன்றை அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி