மே மாதத்தில் ஒரு ரத்ததான முகாம் வையுங்கள்: மும்பைத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், மாட்டுங்கா, செம்பூர் பக்கம் இருக்கிற தமிழ்ச் சங்கங்கள், கோயில் விழாக் குழுக்கள், இளைஞர் மன்றங்கள் எல்லாவற்றுக்கும் வணக்கம். நான் தாராவி 90 அடி ரோட்டில் பிறந்து வளர்ந்தவள். என் அம்மா இட்லி மாவு அரைத்து விற்பவர், உங்களில் பாதிப் பேர் வீட்டுக்கு அந்த மாவு வந்திருக்கும். போன மே மாதம் அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வை மாற்றினார்கள். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அந்த வால்வைக் கெடுத்து வைத்திருந்தது, இத்தனை வருடம் கழித்துத்தான் மூச்சிரைப்பாக வெளியே தெரிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய மூன்று நாள் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி, உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

ரத்தம் கொடுக்க ஆறு டோனர் கொண்டு வாருங்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆறு பேர்தானே, நம் தெருவிலேயே அறுபது பேர் இருக்கிறார்களே என்று நினைத்துத்தான் போனை எடுத்தேன். அது மே மாதம். பள்ளிக்கூடம் லீவு, கோயில் கொடை, கல்யாணம். ஒருவர் சங்கரன்கோவிலில், ஒருவர் வள்ளியூரில், ஒருவர் அன்று காலைதான் தாதரில் சாளுக்யா எக்ஸ்பிரஸ் ஏறியிருக்கிறார். இங்கே இருந்தவர்களில் ஒருவருக்கு சர்க்கரைக்கு இன்சுலின், ஒருவருக்கு எடை 45 கிலோகூட இல்லை, ஒருவர் போன மாதம்தான் டைபாய்டில் படுத்து எழுந்தவர். நாலு பேரைத்தான் சேர்க்க முடிந்தது.

என் ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா குரூப்தான் எனக்கும் என்று சொன்னேன். ரத்த வங்கி டாக்டர் பொறுமையாக விளக்கினார். பெற்ற பிள்ளை, கூடப் பிறந்தவர் ரத்தத்தை நேராக ஏற்றுவதில் ஒரு ஆபத்து இருக்கிறதாம். அதில் உள்ள வெள்ளை அணுக்களை உடம்பு அந்நியம் என்று கண்டுபிடிக்காமல் விட்டுவிடும், அவை உள்ளே தங்கி நோயாளியின் உடம்பையே தாக்கக் கூடும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம். அதனால் அந்த ரத்தத்தைக் கதிர்வீச்சு செய்துதான் ஏற்ற வேண்டும். என்னிடம் எடுத்த ஒரு யூனிட்டை, அதாவது ஒரு பை ரத்தத்தை, பொது இருப்பில் வைத்துக்கொண்டார்கள். சொந்த ரத்தம்தான் உசத்தி என்று நம் வீடுகளில் சொல்வார்கள் இல்லையா, அது அப்படி இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஒரு ஆள் வந்து, பணம் கொடுத்தால் டோனர் தருகிறேன் என்றான். உச்ச நீதிமன்றம் 1996ல் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது நாட்டில் தடை. நோயாளி வீட்டாரை ஆள் பிடித்து வரச் சொல்லும் வழக்கத்தைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று 2002ன் தேசிய ரத்தக் கொள்கையும் சொல்கிறது. எல்லாம் தெரியும். ஆனாலும் அந்த ஆளிடம் எவ்வளவு என்று கேட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நான் நின்றேன். என்னை மாதிரி தினமும் யாராவது அந்த டீக்கடையில் நிற்கிறார்கள். நல்லவேளை, கல்வாவில் இருந்து அப்பாவோடு வேலை பார்த்த இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

இந்த ஆபரேஷனுக்கு ஏன் இவ்வளவு ரத்தம் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. இதயத்தை நிறுத்திவிட்டுத்தான் வால்வைத் தைக்கிறார்கள். அந்த நேரம் முழுக்க உடம்பு ரத்தம் ஒரு மெஷின் வழியாகச் சுற்றுகிறது. அந்த மெஷினின் குழாய்களை ஒரு லிட்டருக்கு மேல் திரவம் ஊற்றி நிரப்பி வைத்திருப்பார்கள், அதோடு கலந்ததும் ரத்தம் நீர்த்துப் போகிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் என்ற மருந்து வேறு. 13, 14 ஹீமோகுளோபினோடு உள்ளே போகிறவர் இதைத் தாங்கிக்கொள்வார். அம்மா 9.6ல் போனார். ஒரு மாதம் இரும்புச் சத்து ஏற்றி, அளவைக் கூட்டிவிட்டுச் செய்திருப்போம், இவரால் மல்லாந்து படுக்கவே முடியவில்லையே, காத்திருக்க நேரம் இல்லை என்றார் சர்ஜன். உள்ளே இரண்டு யூனிட், ஐசியூவில் இரண்டு யூனிட் சிவப்பணு ஏற்றினார்கள்.

ஐசியூவில் ஒரு பை ஏற்றும்போது நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டு நர்ஸ்கள் பையில் ஒட்டிய எண்ணையும் அம்மா கையில் கட்டிய பட்டையில் இருந்த எண்ணையும் சத்தமாகப் படித்து, திரும்ப ஒரு தடவை படித்து, அப்புறம்தான் திறந்தார்கள். முதல் கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாக மெதுவாக விட்டு, காய்ச்சல், நடுக்கம் வருகிறதா என்று நின்று பார்த்தார்கள். பையில் ரத்தம் எடுத்த தேதி இருந்தது, மூன்று வாரத்துக்கு முந்தையது. யாரோ முன்பின் தெரியாத ஒருவர் ஏப்ரலில் ஒரு நாள் வந்து படுத்துக் கொடுத்துவிட்டுப் போனது.

நாலாம் நாள் ஹீமோகுளோபின் 8.1. ஏன் இன்னும் ரத்தம் ஏற்றவில்லை என்று பெரியப்பா சண்டைக்கே போய்விட்டார். நம் ஆட்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். 2017ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது, 19 நாடுகளில் சுமார் 5,000 இதய ஆபரேஷன் நோயாளிகளை வைத்துச் செய்தது. 7.5க்குக் கீழே இறங்கினால் மட்டும் ரத்தம் ஏற்றியவர்கள், 9.5க்குக் கீழே இறங்கியதுமே ஏற்றியவர்களைவிடத் தேறுவதில் பின்தங்கவில்லை. ரத்தம் டானிக் கிடையாது. தேவையில்லாமல் ஏற்றினால் அலர்ஜி வரலாம், நுரையீரலில் நீர் கோர்க்கலாம். டாக்டர் ஆளையும் பார்க்கிறார், எண்ணையும் பார்க்கிறார், முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள். மிச்சத்தை அம்மா இரும்பு மாத்திரையில்தான் இரண்டு மூன்று மாதத்தில் தேற்றிக்கொண்டார். மாத்திரையோடு டீ குடிக்கக் கூடாது, டீ இரும்பை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சைச் சாறு நல்லது. அப்புறம் ஒன்று, பார்க்க வருகிற ஒவ்வொருவரும் முருங்கைக் கீரை கொண்டு வந்தீர்கள். அன்புதான். ஆனால் செயற்கை வால்வு வைத்தவர்கள் அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறார்கள், கீரையைத் திடீரென்று கூட்டினால் அந்த மாத்திரையின் வேலை குறைந்துவிடும். டாக்டரைக் கேட்டு, தினமும் ஒரே அளவாகச் சாப்பிடலாம்.

சரி, நான் கேட்க வந்த முதல் விஷயம். நாம் பொங்கலுக்கு முகாம் வைக்கிறோம், அம்பேத்கர் பிறந்தநாளுக்கு வைக்கிறோம், கூட்டமும் நன்றாக வருகிறது. ஆனால் சிவப்பணுவை 35 நாள், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து 42 நாள்தான் வைத்திருக்கலாம். தட்டணுவுக்கு (பிளேட்லெட்) 5 நாள்தான். பொங்கலுக்குக் கொடுத்த ரத்தம் பிப்ரவரிக்கு மேல் யாருக்கும் ஆகாது. ஆண்கள் 90 நாளைக்கு ஒரு தடவை, பெண்கள் 120 நாளைக்கு ஒரு தடவை கொடுக்கலாம். பொங்கலுக்குக் கொடுத்த தம்பி சித்திரை பிறந்த கையோடு மறுபடி கொடுக்கலாம், தங்கச்சி மே நடுவில் கொடுக்கலாம். ஒரே நாளில் இருநூறு பேரைப் படுக்க வைப்பதைவிட மாதாமாதம் இருபது பேர் போதும். மே மாதமும் தீபாவளியை ஒட்டியும் இந்த ஊர் ரத்த வங்கிகள் காய்ந்து கிடக்கும், அந்த நேரத்தை நாம் எடுத்துக்கொள்ளலாமே. ஊருக்குப் போகிறவர்கள் ரயில் ஏறுவதற்கு நாலைந்து நாள் முன்னால் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு மனசில் இன்னும் கிடந்து அறுக்கிறது. மூன்று வருடம் முன்னால் ஒரு பொங்கல் முகாமில் அம்மாவும் வரிசையில் நின்றார். விரலில் குத்தி ஒரு துளியை நீலக் கரைசலில் விட்டார்கள். மூழ்கினால் கொடுக்கலாம், மிதந்தால் ரத்தம் கம்மி. அம்மாவின் துளி மிதந்தது. "அக்கா, உங்களால கொடுக்க முடியாது" என்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அந்த பிஸ்கட்டை என் மகனுக்குக் கொடுத்தார். ரத்தம் கம்மி, டாக்டரைப் பாருங்கள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. அது எங்கள் தப்பும்தான். அன்றைக்கே போயிருந்தால் மாத்திரையில் சரியாகியிருக்கலாம், ஒருவேளை வால்வையும் அப்போதே கண்டுபிடித்திருக்கலாம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முகாமில் நீங்கள் திருப்பி அனுப்புகிற பெண்கள் இவர்கள்தான். ரத்தம் கொடுத்தவருக்குச் சான்றிதழ் கொடுக்கிறோம், மேடையில் சால்வை போடுகிறோம். துளி மிதந்தவருக்கு ஒரு மேசை போடுங்கள் அண்ணாச்சி. அளவைச் சீட்டில் எழுதிக் கொடுக்கணும், போன் நம்பர் வாங்கிக்கொள்ளணும், பக்கத்து மாநகராட்சி டிஸ்பென்சரி எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லணும், இரண்டு வாரம் கழித்து ஒரு போன் போட்டுக் கேட்கணும். அவ்வளவுதான்.

வருகிற மே முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹால் தருகிற அமைப்பு எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். ரத்த வங்கியில் பேசி ஆட்களை வரவழைப்பது என் பொறுப்பு. இனி அம்மாவால் ரத்தம் கொடுக்க முடியாது, வால்வு வைத்தவர்களிடம் எடுக்க மாட்டார்கள். அந்த மேசையில் தானே உட்கார்ந்து சீட்டு எழுதுகிறேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவு வியாபாரம் இருக்கும், அதனால் பத்து மணிக்கு மேல் தொடங்குகிற மாதிரி வையுங்கள்.