வெள்ளம் கேட்டால் சிரிப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கார் பயணக் கட்டுரையைப் படித்தேன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலை டீக்கடையில் 'குடிக்க வெள்ளம் வேணுமா?' என்று கேட்டார்களாம். கட்டுரையாளர் குடும்பத்தோடு விழுந்து விழுந்து சிரித்தாராம். 'விசித்திரமான குட்டி ஊர்' என்று முத்திரையும் குத்திவிட்டார்.

எங்கள் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். எங்கள் வீட்டில் இன்றைக்கும் குடிப்பது வெள்ளம்தான். 1983-ல் சென்னைக்குப் படிக்கப் போய், விடுதியில் வாய்தவறி அதைக் கேட்டுவிட்டு மூன்று வருஷம் 'மலையாளத்தான்' என்ற பெயரோடு திரிந்தேன். அப்புறம் வேலை கிடைத்தது திருவனந்தபுரத்தில். அங்கே நான் 'பாண்டி', தமிழனுக்கு அவர்கள் வைத்த கேலிப் பெயர். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் எந்த மாநிலத்தோடு சேரப் போராடினார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தும் விட்டோம். இருந்தாலும் உங்கள் ஆட்களுக்கு நாங்கள் இன்னும் வேடிக்கைப் பொருள்தான்.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் போட்டு, கீழே 'பழைய ரயில் பாலம்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பறளியாற்றுக்கு மேலே, 115 அடி உயரத்தில், 28 தூண்களைத் தாண்டிப் போவது ரயில் அல்ல, வெள்ளம். (மன்னிக்கவும், தண்ணீர்.) எங்கள் அப்பா நெல் போட்டது அந்தத் தண்ணீரை நம்பித்தான். இப்போது அந்த வயலில் ரப்பர் நிற்கிறது, அது வேறு கதை.

சரி, எழுத வந்த விஷயம். 'திங்கள் காலை பத்மநாபபுரம் அரண்மனை' என்று யோசனை சொல்லியிருக்கிறார். திங்கள்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அரண்மனை இருப்பது எங்கள் மாவட்டத்தில், நிர்வாகம் கேரள அரசிடம். விசித்திரம் வேண்டுமென்றால் இதை எழுதியிருக்கலாம். போன திங்கள், உங்கள் இதழைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஈரோட்டுக் குடும்பம் ஒன்று பூட்டிய வாசலில் நின்றது. பாட்டி வெயில் தாங்காமல் மதில் ஓரம் உட்கார்ந்துவிட்டார். வீட்டிலிருந்து ஒரு செம்பு கொண்டுபோய், "வெள்ளம் குடியுங்க" என்று நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை, வாங்கி மடமடவென்று குடித்தார்.

அடுத்த இதழில் 'திங்கள் விடுமுறை' என்று ஒரு வரி போட்டால் போதும். எங்கள் பேச்சைத் திருத்தும் சிரமம் தங்களுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்,
பத்மநாபபுரம்.