பயிற்சியாளர்களே, அந்த கேனை மைதானத்துக்கு வெளியே வையுங்கள்

மதிப்பிற்குரிய விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். நான் விளையாடுகிற ஒரு பிள்ளையின் அம்மா. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பயிற்சிக்கும் போட்டிக்கும் வருகிற பிள்ளைகள் எனர்ஜி டிரிங்க் குடிக்கக் கூடாது என்று நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். நாங்கள் வீட்டில் பத்து தடவை சொன்னாலும் அது அம்மாவின் நச்சரிப்பு. நீங்கள் ஒரு தடவை சொன்னால் அது விதி. "கோச் சொல்லிட்டார்" என்ற பிறகு எங்கள் வீட்டில் எந்த விவாதமும் நடந்ததில்லை.

கம்பெனிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். இந்தப் பானங்களின் விளம்பரம் முழுக்க விளையாட்டைச் சுற்றித்தான் இருக்கிறது. கார் பந்தயம், சைக்கிள் சாகசம், கால்பந்து என்று எதைப் பார்த்தாலும் பின்னால் அந்தச் சின்னம் தெரிகிறது. ஷூ, ஜெர்சி மாதிரி அதுவும் ஒரு வீரனிடம் இருக்க வேண்டிய பொருள் என்று பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். அந்த நம்பிக்கையை உடைக்க உங்களைவிட்டால் ஆள் கிடையாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம், ஏனென்றால் பெற்றோர்களிடமும் இது இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் டிரிங்க் வேறு, எனர்ஜி டிரிங்க் வேறு. முதலாவது, நீண்ட நேரம் வியர்த்து ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை கொடுப்பதற்காக வந்தது. இரண்டாவது, கஃபீனை வைத்து மூளையைத் தூண்டுகிற பானம். இரண்டும் கடையில் ஒரே கண்ணாடிப் பெட்டியில், பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-இல் இந்த இரண்டையும் தனித்தனியாக அலசி ஓர் அறிக்கை வெளியிட்டது. எனர்ஜி டிரிங்குக்குக் குழந்தைகள், பதின்வயதினர் உணவில் இடமே இல்லை என்று அதில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு கேனைக் கையில் எடுத்துத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பரவலாக விற்கிற 250 மில்லி கேனில் சுமார் 80 மில்லிகிராம் கஃபீன், 27 கிராம் சர்க்கரை, 1,000 மில்லிகிராம் டாரின் என்ற அமினோ அமிலம். அதற்குக் கீழே நியாசின், பி6, பி12 என்ற பி வைட்டமின்கள், சிட்ரிக் அமிலம். 500 மில்லி கேன் என்றால் கஃபீன் 160 மில்லிகிராம். இன்னும் சில வகைகளில் ஒரே கேனில் 300 மில்லிகிராம் வரை போகிறது. குவாரனா என்று ஒன்று எழுதியிருந்தால் அதையும் கவனியுங்கள். ஏதோ மூலிகை என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அதன் விதையிலும் கஃபீன்தான் இருக்கிறது, காப்பிக் கொட்டையில் இருப்பதைவிட அதிகமாக.

இதை உங்கள் அணியில் இருக்கும் பிள்ளையின் எடையோடு சேர்த்துப் பாருங்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் கஃபீனைப் பற்றி விரிவாக ஆராய்ந்தது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், ஒரே நேரத்தில் 200 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்றது. சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற அளவைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றது. நாற்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இது 120 மில்லிகிராம். ஒரு பெரிய கேனிலேயே அந்த அளவு தாண்டிவிடுகிறது. அதே நாளில் அவன் குடிக்கிற டீ, காப்பி, கோலா, தின்கிற சாக்லேட் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

கஃபீன் உடம்புக்குப் புதிதாகச் சக்தி எதையும் கொடுப்பதில்லை. நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அதுதான் "களைத்துவிட்டாய், ஓய்வெடு" என்று சொல்லும் செய்தி. அந்தச் செய்தி போய்ச் சேரவேண்டிய இடத்தில் கஃபீன் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு போகவில்லை, தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். கடன்காரன் கதவைத் தட்டும்போது காதைப் பொத்திக்கொள்வது போன்றது இது. ஓடி விளையாடுகிற பிள்ளைக்குக் களைப்பு தெரிந்தே ஆக வேண்டும். தசைப்பிடிப்பு, வெயில் மயக்கம், மூட்டுக் காயம் எல்லாம் களைப்பைக் கவனிக்காமல் ஓடும்போதுதான் வருகின்றன என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே நீங்கள்தான்.

ஒரு பள்ளிகளுக்கிடையேயான போட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரே நாளில் மூன்று ஆட்டம். இரண்டாவது முடிந்து மூன்றாவதுக்குக் காத்திருந்த இடைவெளியில் பதின்மூன்று வயது இருக்கும் ஒரு கோல்கீப்பர் பையன், பெரிய கேன் ஒன்றை நின்ற இடத்திலேயே குடித்து முடித்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கையுறையின் மணிக்கட்டுப் பட்டையை அவனால் ஒட்ட முடியவில்லை. விரல்கள் நடுங்குகின்றன. "ஆன்ட்டி, நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று என்னிடம்தான் முதலில் சொன்னான். பக்கத்தில் இருந்த பெரியவர்கள் "டென்ஷன், ஆட்டம் ஆரம்பிச்சா சரியாயிடும்" என்றார்கள். அவனை உட்கார வைக்க நான் சண்டை போட வேண்டியிருந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கேனுக்கும் அந்தப் படபடப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

படபடப்பு வெறும் மனப்பிரமை இல்லை. அமெரிக்க இதயச் சங்கத்தின் ஆய்விதழில் 2019-இல் வந்த ஓர் ஆய்வில், பதினெட்டு முதல் நாற்பது வயதுக்குள் உள்ள ஆரோக்கியமான 34 பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ ஒரு லிட்டர் எனர்ஜி டிரிங்க் கொடுத்தார்கள். இரத்த அழுத்தம் ஏறியது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் தன் மின்னோட்டத்தைச் சரிசெய்துகொண்டு அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுக்கும் நேரம், ஈ.சி.ஜி-யில் க்யூடி என்று வருவது, நான்கு மணி நேரம் கழித்தும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த கஃபீன் இல்லாத வெற்றுப் பானம் குடித்ததைவிட 6 முதல் 7.7 மில்லி விநாடி வரை கூடுதலாக இருந்தது. ஆரோக்கியமான ஒருவருக்கு இது தெரியாமலே கடந்து போகலாம். பிறவியிலேயே அந்த இடைவெளி நீண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. பலருக்கு அது இருப்பதே தெரியாது. சாதாரண உடல் பரிசோதனையில் ஈ.சி.ஜி எடுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் அணியில் அப்படி ஒரு பிள்ளை இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?

இதற்கு இரண்டு வருடம் முன்பு, 2017-இல் அதே இதழில் வந்த இன்னொரு ஆய்வு என்னை இன்னும் யோசிக்க வைத்தது. 18 பேருக்கு ஒரு முறை எனர்ஜி டிரிங்கும், இன்னொரு முறை அதே அளவு கஃபீன் மட்டும் கலந்த பானமும் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அந்த க்யூடி நேரம் எனர்ஜி டிரிங்க் குடித்தபோது சுமார் 10 மில்லி விநாடி அதிகம். கஃபீன் இரண்டிலும் ஒன்றுதான். அப்படியானால் மற்ற பொருட்களுக்கும், அவை சேர்ந்த கலவைக்கும் பங்கு இருக்கலாம் என்றாகிறது. இவை சின்ன ஆய்வுகள், பெரியவர்களை வைத்துச் செய்தவை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பெரியவர்களின் உடம்பிலேயே இப்படி என்றால் நாற்பது கிலோ உடம்பில் பரீட்சித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

டாரினைப் பற்றி மைதானத்தில் ஓடும் கதைகளையும் சொல்லிவிடுகிறேன். காளையிலிருந்து எடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். 1827-இல் காளையின் பித்தநீரில்தான் அது முதலில் கண்டறியப்பட்டது, அது வரைக்கும் சரி. இப்போது கேனுக்குள் வருவது தொழிற்சாலையில் செயற்கையாகத் தயாரிப்பது. நம் உடம்பும் அதைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இந்தப் பானங்களில் இருக்கும் அளவு டாரின் தனியாக ஆபத்தில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இலேயே சொல்லிவிட்டது. ஆகவே டாரின் விஷம் என்று பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். ஒரு பொய்யைக் கண்டுபிடித்துவிட்டால் நாம் சொல்லும் உண்மையையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். அதே போல வைட்டமின்களும். பி வைட்டமின் குறைபாடு இல்லாத ஒருவருக்கு அதை மேலும் மேலும் கொடுத்தால் தெம்பு கூடாது. பி6 அளவுக்கு மீறி நீண்ட காலம் உள்ளே போனால் கைகால் மரத்துப்போகும் நரம்புப் பாதிப்பு வரலாம்.

சர்க்கரையை மறந்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் கூடுதல் சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது. சின்ன கேன் ஒன்றிலேயே அது முடிந்துவிடுகிறது. ஆட்டத்துக்கு நடுவில் குடித்தால் இன்னொரு சிக்கல். ஸ்போர்ட்ஸ் டிரிங்கில் சர்க்கரை 100 மில்லிக்கு 6 கிராம் அளவில் இருக்கும், இதில் 11 கிராம். அவ்வளவு அடர்த்தியான பானம் இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். வியர்த்த பிள்ளைக்கு நீர் சேர வேண்டிய நேரத்தில் வயிறு கனத்துக் குமட்டும். சர்க்கரை இல்லாத வகையை வாங்கிக் கொடுக்கிறோம் என்று நினைக்கும் பெற்றோர்களே, அதில் கஃபீன் குறைவதில்லை, பல்லின் எனாமலைக் கரைக்கும் அமிலமும் குறைவதில்லை.

கஃபீன் விளையாட்டுத் திறனைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதே என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். இருக்கிறது. கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை எடுத்தவர்களிடம் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியிருக்கிறது. தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலிலிருந்தும் 2004-இல் கஃபீனை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் பயிற்சி பெற்ற பெரியவர்களை வைத்து, எடை பார்த்து, அளந்து கொடுத்துச் செய்தவை. அதில் சொல்லும் மேல் அளவு, பிள்ளைகளுக்குச் சொன்ன அளவைப் போல இரண்டு மடங்கு. உலகக் கோப்பையில் ஆடும் ஒருவர் தன் மருத்துவரோடு பேசி எடுக்கும் முடிவை எட்டாம் வகுப்புப் பிள்ளை எடுக்கத் தேவையில்லை. உடற்பயிற்சிக்கு முன் குடிப்பதற்கென்று "ப்ரீ ஒர்க்கவுட்" என்ற பெயரில் டப்பாக்களில் வரும் பொடிகளையும் சேர்த்தே சொல்கிறேன். அவற்றில் ஒரு கரண்டிக்கே 200, 300 மில்லிகிராம் கஃபீன் இருப்பது சாதாரணம். அதைத் தண்ணீரில் கலக்காமல் அப்படியே வாயில் போட்டுக்கொள்வது இப்போது ஒரு பந்தயமாகவே நடக்கிறது.

தூக்கத்துக்கு வருகிறேன், எனக்கு மிகப் பெரிய கவலை இதுதான். உடம்பில் ஏறிய கஃபீன் பாதியாகக் குறைய சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிப் பயிற்சிக்கு முன் பெரிய கேன் குடித்த பிள்ளைக்கு இரவு பத்து மணிக்கும் 80 மில்லிகிராம் மிச்சம் இருக்கும். ஒரு சின்ன கேனைக் குடித்துவிட்டுப் படுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிமூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். வளர்ச்சிக்கான ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான். தூங்காத பிள்ளை காலையில் சோர்ந்து எழுகிறான். அதற்கு ஒரு கேன். பழகியபின் ஒரு நாள் விட்டால் தலைவலி, எரிச்சல். அதற்கும் ஒரு கேன்.

இந்த இடத்தில் உங்களிடமும் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பயிற்சி வைத்துவிட்டு, மாலையில் மறுபடி கூப்பிட்டு, சனி ஞாயிறில் மூன்று ஆட்டம் போட்டால் பிள்ளை எப்போது தூங்குவான்? கேன் அந்த அட்டவணையிலிருந்து பிறக்கிறது. நேரத்தை மாற்ற முடிந்த இடத்தில் மாற்றுங்கள். போட்டிக்கு முதல் நாள் பயிற்சியைச் சீக்கிரம் முடித்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

லிதுவேனியா 2014-இல், லாட்வியா 2016-இல், போலந்து 2024-இல் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இதை விற்கத் தடை போட்டன. எல்லா இடத்திலும் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் மைதானத்தின் விதியை நீங்களே எழுதலாம். போட்டிக்கு ஸ்பான்சர் தருகிறோம், இலவசமாகக் கேன் கொடுக்கிறோம் என்று வந்தால், பிள்ளைகள் போட்டிக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். பணம் குறையும், தெரியும். பெற்றோர்களிடம் கேளுங்கள், நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம். நீங்கள் குடிப்பது உங்கள் விருப்பம், ஆனால் பிள்ளைகள் கண் முன்னால் வேண்டாம். நீங்கள் கையில் வைத்திருப்பதைத்தான் அவர்கள் மறுநாள் வாங்குகிறார்கள்.

அப்புறம், சீசன் தொடங்கும்போது பெற்றோர்களிடம் சில கேள்விகள் கேட்டு எழுதி வாங்குங்கள். குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? பிள்ளை ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா? கவனச்சிதறல் கோளாறுக்கு மூளையைத் தூண்டும் மருந்து எடுக்கிறானா? எதற்காவது ஆம் என்றால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஆட்டத்தின் நடுவில் ஒரு பிள்ளை நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது என்றால் உடனே வெளியே உட்கார வையுங்கள். என்ன குடித்தான் என்று திட்டாமல் கேளுங்கள், திட்டினால் மறைப்பான். படபடப்பு அடங்காவிட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குடித்த கேன் கிடைத்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உள்ளே என்ன, எவ்வளவு போயிருக்கிறது என்று மருத்துவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

அன்புடன்,
விளையாடும் பிள்ளையின் அம்மா